முன்னுக்கு ரெண்டு சின்னச் செட்டை

ஃபோம் போர்டில் வெட்டிச் செய்து ரிமோட்டில் பறக்கவிடுகிற விளையாட்டு விமானங்களில் ஆக இலகுவான ஜெட் முக்கோணச் செட்டை ஜெட்தான். கோடுகள் எல்லாம் நேர்கோடு. ஒரு அடிமட்டமும் பிளேட் கத்தியும் போதும். பின்னுக்குத் தனியாகக் கிடைச் செட்டை இல்லாதபடியால், பெரிய செட்டைக்கும் வாலுக்கும் கோணம் சரியாக நிற்கிறதா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. செட்டையின் பின் ஓரத்தில் இரண்டு மடிப்பு, அதை அசைக்க சேர்வோ என்கிற 9 கிராம் குட்டி மோட்டர் இரண்டு. இரண்டு மடிப்பும் சேர்ந்து மேலே போனால் மூக்கு எழும்பும். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் போனால் விமானம் உருளும். இரண்டையும் கலந்து கொடுக்கிற வேலையை ரிமோட்டே பார்த்துக்கொள்ளும். விழுந்தாலும் பெரும்பாலும் மூக்குத்தான் நசியும். சூட்டுப் பசை வைத்து அடுத்த நாளே எறியலாம். புதிதாகத் தொடங்குகிற யார் கேட்டாலும் முக்கோணத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். என்னுடைய மருமகன் கேட்டபோது மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் பறப்பியலில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அது ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் நாங்கள் முதலில் செய்தது எஃப்-22 என்கிற அமெரிக்கப் போர் விமானத்தின் மாதிரி. இரண்டு வால், சரிந்த வெட்டுகள், தனித்தனியாக அசைகிற கிடைச் செட்டைகள் என்று முதல் விமானத்துக்குத் தேவையில்லாத கரைச்சல் எல்லாம் அதில் இருந்தது. ஏன் மாமா இவ்வளவு கஷ்டமானதை எடுத்தீர்கள் என்று அவன் அப்போது கேட்கவில்லை. பிறகுதான் கேட்டான்.

கடையில் கிடைத்த சாமான்

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் வெட்டுகிற ஃபோம் போர்டும் திருகோணமலையில் கொப்பி பேனை விற்கிற கடையில் கிடைக்கிற ஃபோம் போர்டும் ஒன்றல்ல. தடிப்பு அதே 5 மில்லிமீற்றர்தான். ஆனால் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எழுதி ஒட்டுவதற்கென்று வருகிற எங்களுடையதில் நடுவில் இருக்கும் ஃபோமைவிட இரண்டு பக்கப் பேப்பரும்தான் பாரம். அதை அப்படியே வெட்டி ஒட்டினால் விமானம் அல்ல, விளம்பரப் பலகைதான் மிஞ்சும். உள்பக்கம் வருகிற பேப்பரை உரித்துவிட வேண்டும். ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மூலையில் நகத்தால் கிளப்பி, தட்டையாக மடக்கி மெதுவாக இழுத்தால் ஒரே தோலாக வரும். அவசரப்பட்டு மேல்நோக்கி இழுத்தால் ஃபோமும் பொத்துப்பொத்தாகக் கூடவே வந்துவிடும். மருமகன் இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன், அவனுக்கு அவசரம் கிடையாது. வெளிப்பக்கப் பேப்பரை விட்டுவைக்க வேண்டும், பலம் அதில்தான் இருக்கிறது. அதற்கு மேல் அகலமான தெளிந்த டேப். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு முன்பே கடற்காற்றின் ஈரத்தில் ஓரங்கள் ஊதத் தொடங்கிவிடும்.

பெட்டிகளுக்குள் வைத்து வருகிற வெள்ளை ரிஜிபோமில் செய்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், பாரம் குறைவுதான். ஆனால் பேப்பர் தோல் இல்லாத ரிஜிபோம் காற்றில் வளையும். அதோடு கண்ட கண்ட பசையையும் ஸ்ப்ரே பெயின்ற்றையும் காட்டக் கூடாது. பெற்றோல் பட்ட ரிஜிபோம் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபோம் போர்டின் உள்ளே இருப்பதும் அதே சாதிதான்.

பசை விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், மத்தியான வெயிலில் கறுப்பு நிற விமானம் ஒன்றை நிலத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மோட்டர் பூட்டிய பலகை இளகிப்போய் நிற்கும். துப்பாக்கியில் வைத்து உருக்கி ஒட்டுகிற பசை அந்தச் சூட்டுக்குப் பிடிகொடுக்காது. எஃப்-22 சாம்பல் நிறம்தானே என்று மருமகன் கெஞ்சினான். எங்களுடையது வெள்ளை. மோட்டர்ப் பலகைக்கு மட்டும் எப்பொக்சி.

பற்றறி வேறு கதை. லிதியம் பொலிமர் பற்றறியைத் தபாலில் எடுப்பிக்க முடியாது. கொழும்பு போகிறவர்களிடம் சொல்லி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடுவிக்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்தபோது அதன் விலையைக் கேட்டுவிட்டு இந்தப் பொழுதுபோக்கையே மூட்டை கட்டி வைத்தேன். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. சமைக்க வாயு இல்லாத நாட்களில் விளையாட்டு விமானத்துக்குச் சார்ஜ் ஏற்றுகிறேன் என்று வீட்டில் சொல்ல எந்த மனிதனுக்குத் துணிவு வரும்? கையில் இருந்த ஒன்றை மட்டும் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ற்றில் நிறுத்தி அலுமாரியில் வைத்தேன். முழுச் சார்ஜில், 4.2 வோல்ற்றில் மாதக்கணக்காக விட்டிருந்தால் இந்த வெக்கைக்கு அது வயிறு ஊதிச் செத்திருக்கும்.

இது ஜெட்டா?

எங்களுடைய எஃப்-22இன் நடு முதுகில் ஒரு வெட்டு, அந்த வெட்டுக்குள் பின்பக்கம் பார்த்த மோட்டர், அதில் 6 அங்குலப் புரொப்பெல்லர். மோட்டர் 2200 கேவி. அதாவது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் 2200 சுற்று என்ற கணக்கு. மூன்று செல் பற்றறியின் 11.1 வோல்ற்றில், சுமை இல்லாமல், 24,000 சுற்றுக்கு மேல். மொத்தப் பாரம் 600 கிராமைச் சுற்றி நிற்கிறது. இந்த அளவுக்கு இது மலிவான, நம்பகமான ஏற்பாடு. விழுந்தால் முன்னால் உடைய எதுவும் இல்லை. ஆனால் மருமகனுக்கு அது ஜெட் இல்லை. புரொப்பெல்லர் வைத்தால் அது எப்படி மாமா ஜெட் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவன் கேட்பது குழாய்க்குள் விசிறி. பன்னிரண்டு இதழ் விசிறி ஒரு குழாய்க்குள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழன்று, முன்னால் காற்றை உறிஞ்சிப் பின்னால் துப்பும். உண்மையில் அதுவும் ஜெட் இல்லை, உள்ளே எதுவும் எரிவதில்லை. மோட்டரும் புரொப்பெல்லரும்தான், குழாய் போர்த்தியிருக்கிறது. அதே தள்ளுவிசைக்குக் கூடிய கரண்ட் தின்னும், பறக்கிற நேரம் பாதியாகும். நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன், "சத்தம்?" என்றான்.

சத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர் ஒருவர் வரும்போது 64 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவன் நேரே கேட்டிருக்கிறான். மாமனைத் தாண்டி.

அதற்கிடையில் எஃப்-22 பறந்தது. பறக்க விடுவது எங்கே என்பதுதான் செய்வதைவிடப் பெரிய வேலை. சீனக்குடாவில் விமானப்படை, துறைமுகத்தில் கடற்படை, கோட்டைக்குள் இராணுவம். 2019 ஏப்ரல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன் அனுமதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இடைநிறுத்தியதில் இருந்து, ஆளில்லாமல் ஏதாவது மேலே போனாலே அது ட்ரோன், அதை விட்டவன் விளக்கம் சொல்ல வேண்டியவன். கடிதம், கையொப்பம், விமானத்தையே கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது என்று அலைந்து முடித்து, நிலாவெளிக்கு வடக்கே ஒரு வெட்டையில், வெயில் ஏற முன்னம், காற்று விழுந்திருந்த ஒரு விடியலில் எறிந்தோம். போனது, திரும்பியது, புல்லில் வயிற்றால் இறங்கியது. அதைப் பற்றி எழுத அவ்வளவுதான்.

சின்னம்மா பார்த்த விமானம்

சின்னம்மா சம்பூர். மாதத்தில் ஒருக்காக் கிளினிக்குக்கு வரும்போது எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்குவா. மூதூரில் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலத்தால் சுற்றி வந்து இறங்கும்போதே அலுப்பாக இருப்பா. ஆனால் விறாந்தையில் இருந்தாவென்றால் கையில் ஏதாவது வேலை வேண்டும். அன்றைக்கு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. மேசையில் எஃப்-22 கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதென்னடா தம்பி, கிபிரோ?" என்றா.

நான் அவசரமாக, "இல்லை சின்னம்மா, இது அமெரிக்காக்காரன்ர" என்றேன். ஏதோ அமெரிக்காக்காரனுடையது என்றால் குற்றமில்லை என்பது போல.

"அதுதானே பாத்தன். கிபிருக்கு ஒரு வால்தானே. பின்னுக்கு இந்தச் செட்டை இராது. செட்டை மூண்டு மூலை. முன்னுக்கு, காது மாதிரி, ரெண்டு சின்னச் செட்டை இருக்கும்." ஒரு முருங்கைக் கொப்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எந்த இடத்தில் என்று விரலால் காட்டினா. "இதில. பெரிய செட்டைக்குக் கொஞ்சம் மேல."

மருமகன் போனை எடுத்துத் தேடிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். கிபிர், இலங்கை விமானப்படை 1996இல் வாங்கத் தொடங்கிய இஸ்ரேலியத் தயாரிப்புப் போர் விமானம். பிரெஞ்சு மிராஜ் 5இன் உடலை எடுத்து, அமெரிக்க ஜே79 எஞ்ஜினை வைத்தது. பிந்திய வகைகளில், காற்று உறிஞ்சும் வாய்களின் மேல், பெரிய செட்டைக்குச் சற்று முன்னும் சற்று மேலும், அசையாத இரண்டு சின்னச் செட்டைகள். சின்னம்மா விரல் வைத்த அதே இடம். விமானம் செய்கிற எத்தனையோ பேரோடு கதைத்திருக்கிறேன். படம் பார்க்காமல் அந்தச் சின்னச் செட்டைகளின் உயரத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் குறைவு. சின்னம்மா ஆறாம் வகுப்போடு நின்றவ. வயலும் மாடும்தான் அவவின் சீவியம்.

2006 ஏப்ரல் கடைசியில் மூதூர் கிழக்கின் மேல் கிபிர் வந்து குண்டு போட்டபோது அவ சம்பூரில் இருந்தா. அதற்குப் பிறகு அந்த வருடமே ஊர் முழுக்க எழும்பி, வெருகல் கடந்து, வாகரை கடந்து, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனது. காணி திரும்பக் கிடைத்துக் குடியேறத் தொடங்கியது 2015இற்குப் பிறகு. இதெல்லாம் எங்கள் வீட்டில் தெரிந்த கதை. தெரிந்ததாலேயே யாரும் கேட்பதில்லை. பங்கருக்குள் ஓடினது, ஆடு செத்தது, ஆர் ஆர் போனது என்று அந்தக் கதையை ஆக்களின் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன். விமானத்தின் பக்கத்திலிருந்து அவ சொல்லி அதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, சிறுவயதிலிருந்தே விமானப் பைத்தியமாக இருந்தும்.

மருமகனுக்கு அந்தக் கூச்சம் எதுவும் இல்லை. அவன் பிறந்தது எல்லாம் முடிந்த பிறகு. "அம்மம்மா, சத்தம் எப்பிடி இருக்கும்? இப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டே, நான் தடுப்பதற்குள், கிணற்றடிக் கல்லில் இறுக்கிக் கட்டிவைத்திருந்த விசிறியைக் கூட்டிவிட்டான். அது முதல்தரம் ஓடியது. முதலில் ஒரு சிணுங்கல், பிறகு பல்லைக் கூசவைக்கிற கீச்சு, பிறகு உண்மையாகவே ஜெட் ஒன்று ஓடுபாதையில் நிற்பது போன்ற இரைச்சல். நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ இலையை உருவிக்கொண்டிருந்தா. அவன் நிற்பாட்டியதும், "சீ, இப்பிடிக் கேக்காது. நீ சத்தத்தை முதல் போடுறாய். அதுக்குச் சத்தம் பிறகுதான்" என்றா.

பிறகு சொன்னது எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது. "சத்தம் வந்த பக்கம் பாக்கப்படாது. பிள்ளையளுக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்தனாங்கள். சத்தம் கேட்ட இடத்தில அது இராது. எங்கால வந்து எங்கால போகுதெண்டு பிடிச்சு, அதுக்கு முன்னால பாக்க வேணும். அங்கதான் நிக்கும்."

இரவு படுக்கப் போகும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சூட்டில் சத்தம் ஒரு செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். ஜெட் மணிக்கு 900 கிலோமீற்றரில் வருகிறது என்று வைத்தால் செக்கனுக்கு 250 மீற்றர். 1.4 கிலோமீற்றர் தூரத்திலிருந்து சத்தம் காதுக்கு வர 4 செக்கன். அந்த 4 செக்கனில் விமானம் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். சத்தம் வந்த திசையில் தேடுகிறவன் வெறும் வானத்தைத்தான் பார்ப்பான். தளபாடம், கைந்நூல், பாடம் எதுவும் இல்லாமல் ஒரு கிராமமே இதைக் கண்டுபிடித்து, சோதித்து, பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறது.

விமானப் பொழுதுபோக்கு எங்கள் ஊருக்குப் புதிது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொழுதுபோக்கு புதிதுதான், விமானத்தைப் பார்ப்பது புதிதல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் அடித்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்ததை என் அம்மப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2008 ஓகஸ்ட் 26 இரவு புலிகளின் சின்ன விமானம் கடற்படைத் தளத்துக்கு வந்தபோது, விளக்கெல்லாம் அணைய, வானத்தில் குண்டு கோடுகோடாகப் போவதை நாங்களே வளவில் நின்று பார்த்தோம். எந்த எஞ்ஜின் எந்தச் சுருதியில் கேட்கும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். வேறு ஊர்களில் பிள்ளைகள் விமான நிலையத்து வேலிக்கு வெளியே நின்று கற்றுக்கொள்வதை இங்கே ஆக்கள் குழிக்குள் இருந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் அறிவு இருக்கிறது, அதைக் கேட்கிற வழி எனக்குத் தெரியவில்லை. மருமகனுக்குத் தெரிந்திருக்கிறது, அல்லது தெரியாததால் முடிந்திருக்கிறது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். விசிறி இரைந்தபோது பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவ, கையில் இருந்த சீலையோடு அப்படியே நின்று மேலே பார்த்தா. வாடகைக்கு வந்து கொஞ்சக் காலம்தான், வன்னிப் பக்கத்து ஆக்கள். சத்தம் வருவது மதிலுக்கு இந்தப் பக்கம், கிணற்றடியிலிருந்து. அவ பார்த்தது வானத்தை. அதுவும் தலைக்கு நேரே அல்ல, கொஞ்சம் முன்னால்.

ஏழு சென்ரிமீற்றர்

மருமகன் இப்போது முக்கோணம் கேட்கிறான். "நீங்கள்தானே மாமா ஆக இலகு எண்டு மற்றவைக்குச் சொல்றனீங்கள்?" சின்னம்மா அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது படத்தைக் கீறி அவவிடமே காட்டிவிட்டான். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, சின்னச் செட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னா, வாலைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னா. நான் குறுக்கிட்டு, "சின்னம்மா, இதைச் செய்யட்டோ, வேண்டாமோ?" என்றேன். "பேப்பர் தானே தம்பி" என்றா. கொஞ்சம் பொறுத்து, "பறக்க விடுற நாளுக்கு நான் வரேல்ல" என்றா.

இதை அனுமதி என்று எடுப்பதா, மறுப்பு என்று எடுப்பதா? எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பதில் தேடினேன். முன்செட்டை வேண்டாம் என்று அவனுக்குச் சொன்னேன். முன்செட்டை இல்லாவிட்டால் அது கிபிர் இல்லை, மிராஜ். சொன்ன காரணம் பொய்யில்லை. மைய நீளம் 60 சென்ரிமீற்றர் கொண்ட முக்கோணத்துக்கு, முனையிலிருந்து 28 சென்ரிமீற்றர் அளவில் சமநிலைப் புள்ளி வைத்தால் அது ஒழுங்காகப் பறக்கும். முன்னால் செட்டை சேர்த்தால், அது முன்பக்கத்தில் தூக்குவதால், விமானம் நிலைகுலையத் தொடங்கும் எல்லை முன்னோக்கி நகரும். சின்னம்மா சொன்ன அளவில் வைத்தால் சுமார் 2 சென்ரிமீற்றர் நகரும். சமநிலைப் புள்ளியும் அதோடு முன்னுக்கு வராவிட்டால் எறிந்த கையோடு மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பின்னால் விழும். தொடக்கக்காரனுக்கு இது தேவையா என்று கேட்டேன்.

அவன் கொப்பியை எடுத்தான். மொத்தம் 600 கிராம், அதில் பற்றறி 180. மொத்தத்தையும் 2 சென்ரிமீற்றர் முன்னுக்கு நகர்த்த வேண்டுமானால் பற்றறியை எவ்வளவு நகர்த்த வேண்டும்? 600ஐ 2ஆல் பெருக்கி 180ஆல் வகுத்தான். 6.7. "ஏழு சென்ரிமீற்றர் முன்னுக்கு வைச்சாச் சரிதானே மாமா?" என்றான். சரிதான். மூக்கு நீளமான விமானம், இடமும் இருக்கிறது. கணக்கில் நான் தோற்றேன். அதற்குப் பிறகு கையில் காரணம் எதுவும் மிச்சமில்லை.

செட்டை வெட்டி முடித்துவிட்டான். பேப்பர் உரித்தாயிற்று, பற்றறிக்கான பெட்டி ஏழு சென்ரிமீற்றர் முன்னுக்கே வெட்டியிருக்கிறது. கச்சான் விழுந்த பிறகு, வாடை எழும்ப முன்னம், இடையில் கிடைக்கிற நாட்களில் எறிவோம் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை: பின்னால் புரொப்பெல்லர்தான். அப்ப அது ஜெட் இல்லை மாமா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான். திரியட்டும். 64 மில்லிமீற்றர் விசிறி, மோட்டரோடு, பெட்டியும் இருக்கிறது. ஒரே ஒரு தரம்தான் ஓடியது. வேண்டியவர்கள் எழுதுங்கள், வாங்கின விலைக்கே தருகிறேன். திருகோணமலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு முன்னுரிமை.